ஓடுதா, நின்னுபோச்சா? கட்டளை வரி நிரல்களில் முன்னேற்றப் பட்டை

இங்க இருக்கிற பலரும் அலுவலகம் மூடின பிறகு சர்வரில் வேலை பார்க்கிறவங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

பழைய தரவுத்தளத்திலிருந்து 3 லட்சம் குடும்ப அட்டைப் பதிவுகளைப் புதிய சர்வருக்கு மாற்றணும்னு வைத்துக்கொள்வோம். ராத்திரி 10 மணிக்கு ஸ்கிரிப்டை ஓட விடுறோம். திரையில் கர்சர் மட்டும் மின்னுது. அரை மணி நேரம் ஆச்சு. ஓடுதா, நின்னுபோச்சா? பொறுமை இழந்து கண்ட்ரோல்-சி அழுத்தினால், பல ஸ்கிரிப்டுகளில் பாதிப் பதிவு அங்கே, பாதி இங்கே. காலையில் இ-சேவை மையத்தில் "உங்க பேர் வரலையேம்மா" என்ற பதிலைக் கேட்கப்போவது நாம இல்லை, வரிசையில் நிற்கிறவங்க.

இது புதுப் பிரச்சினை இல்லை. எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் பட்டையைப் பயனர்கள் விரும்புகிறார்கள் என்று பிராட் மையர்ஸ் 1985-லேயே ஆய்வு செய்து சொன்னார்.

பைத்தானில் எழுதுறவங்களுக்கு 'டிக்யூடிஎம்' என்ற நூலகம் இருக்கு. முன்னேற்றம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். லூப்பைச் சுற்றி அதைப் போட்டால் போதும், பட்டை வந்துடும். கோப்பு நகலெடுக்கும் 'ஆர்சிங்க்', 'டிடி' கட்டளைகளிலும் இந்த வசதி உண்டு.

சொந்தமாக எழுதினால் ஒன்றைக் கவனிங்க. பட்டை நகர்வது போலத் தெரிவதற்குக் காரணம், நிரல் புது வரிக்குப் போகாமல் அதே வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி மேலெழுதுவதுதான். டெர்மினலில் அழகாக இருக்கும். அதே நிரலை கிரானில் போட்டால் லாக் கோப்பு முழுக்கப் பட்டைத் துண்டுகள்! காலையில் பிழையைத் தேடுறவர் பாவம். ஆகவே வெளியீடு டெர்மினலுக்குப் போகுதா என்று நிரல் முதலில் பார்க்கட்டும். இல்லையென்றால் 10,000 பதிவுக்கு ஒரு வரி, நேரத்தோடு எழுதட்டும். பட்டையை ஸ்டாண்டர்டு எரர் வழியே அனுப்புங்க. வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கும்போது தரவோடு கலக்காது.

மொத்தம் தெரியாத வேலைக்குச் சதவீதம் கற்பனை பண்ணாதீங்க. "1,42,000 பதிவுகள் முடிந்தன" என்பதே போதும், எண் நகருதான்னுதான் பார்க்கிறவர் கவனிக்கிறார். 99 சதவீதத்தில் இருபது நிமிஷம் நிற்கிற பட்டை இன்னும் மோசம். பெரும்பாலும் அப்போ கடைசியில் இண்டெக்ஸ் உருவாகிட்டிருக்கும். அதையும் திரையில் ஒரு வரியாக எழுதிடுங்க.

கேள்விகள் இருந்தா கேளுங்க.