துக்க வீட்டில் ஓர் இடம்

(மலேசியாவின் லெம்பா பெர்த்தாமில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சினிமாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்தச் சினிமா என்று சொல்லவில்லை. அந்தச் சலுகையை நான் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆணை விரும்பும் ஓர் ஆண், அவனைச் சுற்றி ஒரு சாவு, சாவையொட்டி ஒரு பயணம், அதில் யாரும் எதிர்பாராமல் வாய்க்கும் ஒரு நட்பு. இவை கலந்து வரும் படங்கள் உலகெங்கும் உண்டு. தன்பாலீர்ப்புப் படங்கள் என்று அவற்றைத் தனி அலமாரியில் வைத்துவிடுகிறோம். எனக்கு அவை இழவு வீட்டுப் படங்களாகவே தெரிகின்றன. இறந்தவருக்காக அழும் உரிமை யாருக்கு உண்டு என்பதுதான் அவை கேட்கும் கேள்வி.

துக்கத்தைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியூர்க்காரன் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. 2013 அக்டோபர் 23-ஆம் தேதி, சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்ட இரவில், பெர்த்தாம் ஆறு இங்கே உயிர்களைக் கொண்டுபோனது. எனவே துக்கத்தை விட்டுவிட்டு, துக்க வீட்டின் ஒழுங்கிலிருந்து தொடங்குகிறேன்.

1. யார் எங்கே உட்காருவது

நம் சாவு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. மகன் கொள்ளி வைக்கிறான். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். பிறந்த வீட்டிலிருந்து கோடி வருகிறது. பங்காளிகள் தலை மழிக்கிறார்கள். கருமாதி வரைக்கும் யார் எதைச் செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். நெஞ்சு உடைந்து கிடப்பவரைக் கையில் ஒரு வேலையைக் கொடுத்து நிமிர்த்தி வைக்கும் ஏற்பாடு அது. நான் அதை மதிக்கிறவன்.

அந்த வீட்டுக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இறந்த பையனோடு ஒரே வீட்டில் பல வருடம் இருந்தவர். “கூட வேலை செஞ்சவரு” என்கிறார்கள். செருப்புகள் குவிந்து கிடக்கும் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறார்கள், காப்பி கொடுக்கிறார்கள். “எவ்வளவு நாளா பழக்கம் தம்பி?” என்று பெரியவர் ஒருவர் கேட்கிறார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். பாடைக்குத் தோள் கொடுக்க இவரை யாரும் கூப்பிடவில்லை. யாரும் அவமதிக்கவும் இல்லை. மரியாதையாகவே ஒதுக்கப்பட்டார், அவ்வளவுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைத்தான் நான் சொல்லும் படங்கள் பின்தொடர்ந்து போகின்றன.

2. வண்டிக்குள் முறை கிடையாது

வீட்டில் முறை பார்த்து உட்கார வேண்டும். வண்டியில் காலியாக இருக்கும் இருக்கையில் உட்காரலாம். சாலைப் படத்தின் பலமே இதுதான். தமிழில் இதை நன்றாகக் காட்டிய படம் 2003-இல் வந்த ‘அன்பே சிவம்’. புவனேசுவரத்தில் மழையால் விமானம் ரத்தாக, நல்லசிவமும் அன்பரசும் சென்னைக்குச் சேர்ந்து பயணப்படுகிறார்கள். ஒருவருக்கு ஒருவர் ஆகாது. ரயில் விபத்தில் அடிபட்ட, யார் பெற்றதோ தெரியாத ஒரு சிறுவனுக்கு அன்பரசு ரத்தம் கொடுக்கிறான். பிள்ளை பிழைக்கவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு அவன் பழைய ஆளாக இல்லை.

1994-இல் வந்த ஆஸ்திரேலியப் படம் ‘பிரிசில்லா’வில் மூன்று மேடைக் கலைஞர்கள் ஒரு பழைய பேருந்தில் சிட்னியிலிருந்து பாலைவனத்தின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிறார்கள். மினுக்கும் ஆடைகளுக்காக ஆஸ்கார் வாங்கிய படம். மூவரில் மூத்தவரான திருநங்கை பெர்னடெட் இளம் காதலனைப் பறிகொடுத்த கையோடு வண்டி ஏறியவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர் துக்கத்துக்குத் துணையாக வருவது, வழியில் பழுதான பேருந்தைச் சரிசெய்ய வந்த நாட்டுப்புற மெக்கானிக் பாப். யாரும் சேர்த்து வைக்காத ஜோடி அது.

நமக்கு இன்னும் நெருக்கமானது, சஞ்சய் நாக் இயக்கி ரிதுபர்ணோ கோஷ் எழுதி நடித்த ‘மெமரீஸ் இன் மார்ச்’. 58-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த ஆங்கிலப் படமாகத் தேர்வானது. மகன் கார் விபத்தில் இறந்துவிட, டெல்லியிலிருந்து கல்கத்தா வருகிறாள் தாய். தீப்தி நவல் நடித்த வேடம். மகனுக்கு அலுவலகத்திலேயே ஒரு காதலன் இருந்தான் என்று அங்கேதான் அறிகிறாள். முதலில் வருவது கோபம்: என் பிள்ளையை நீதான் கெடுத்தாய். கோபம் தணியத் தணிய ஒன்று புரிகிறது. பிள்ளையின் முற்பாதியை அவள் அறிவாள். பிற்பாதி அந்த மனிதனிடம் இருக்கிறது. இறந்தவனை முழுதாகப் பார்க்க இருவருக்கும் மற்றவர் தேவை. இந்தப் படங்களில் வரும் நட்பைச் சகிப்புத்தன்மை என்று புகழ்வது குறைத்துச் சொல்வதாகும். அது தேவையிலிருந்து பிறக்கிறது.

2025-இல் சன்டான்ஸ் விழாவில் உலகக் கதைப்படங்களுக்கான நடுவர் பெரும்பரிசு பெற்ற மராத்திப் படம் ‘சபர் போண்டா’ இதைத் திருப்பிப் போடுகிறது. ரோஹன் கனவடே தம் தந்தையை இழந்த அனுபவத்திலிருந்து எடுத்த படம். மும்பையிலிருந்து ஆனந்த் தந்தையின் பத்து நாள் காரியத்துக்குச் சொந்த ஊர் வருகிறான். மகன் என்பதால் துக்கத்தில் அவனுக்கு முதல் இடம். கல்யாணம் எப்போது என்று உறவினர் துளைக்கிறார்கள். அதே நாள்களில் இளவயது நண்பன் பால்யாவோடு அன்பு மீண்டும் துளிர்க்கிறது. அழுவதற்கு இடம் கொடுத்த ஊர், அன்புக்கு இடம் வைத்திருக்கவில்லை.

3. பிசிராந்தையார் வந்த வழி

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்பவர்களுக்குப் புறநானூற்றை நினைவூட்டுகிறேன். கோப்பெருஞ்சோழனுக்கு இரண்டு மக்கள்; இருவரும் தந்தையை எதிர்த்துப் போருக்கு நின்றவர்கள். சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னது, பாண்டி நாட்டில் இருந்த பிசிராந்தையாருக்கு. சோழனும் அவரும் ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை. வருவாரா என்று சுற்றி இருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். அவர் வந்தார், ஒதுக்கிய இடத்தில் அமர்ந்தார், உயிர் நீத்தார். குழந்தை பிறந்தபின் வா என்று சோழனால் திருப்பி அனுப்பப்பட்ட பொத்தியார், பிறகு வந்து நடுகல்லிடம் தமக்கும் இடம் கேட்டார்.

அந்த நட்புக்கு இன்றைய பெயர் எதையும் ஒட்ட நான் வரவில்லை. நான் சொல்வது இதுதான்: பெற்ற மக்களுக்கு இல்லாத இடத்தை ஒரு தோழனுக்கு ஒதுக்கும் உரிமை சாகப்போகிறவனுக்கு இருந்தது. சான்றோர் அதைப் பாடி வைத்தார்கள்.

4. சட்டமும் தணிக்கையும்

அந்த உரிமை இன்று சட்டத்தில் எங்கே நிற்கிறது? இந்தியாவில் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயது வந்தோரின் தன்பால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2023 அக்டோபரில் திருமண உரிமையைத் தர மறுத்தது. 2024 ஆகஸ்டில் சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது: நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையர் உடலைப் பெற வழி செய்யுங்கள். கடிதத்தின் உயிர்நிலை ‘இல்லாதபோது’ என்பதில் இருக்கிறது. உறவினர் ஒருவர் வந்து நின்றால், இணையர் மறுபடி அந்த மூலை நாற்காலிக்குப் போக வேண்டியதுதான். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைய மணம் ஒன்றே வழியில்லை என்று சொன்னது ஓர் ஆறுதல்.

நம் மலேசியாவில் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் தன்பால் உறவுக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கின்றன. 2010-இல் தணிக்கை சற்றுத் தளர்ந்தபோது, இத்தகைய பாத்திரம் படத்தில் வரலாம், ஆனால் முடிவில் திருந்த வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு வந்த மலாய்ப் படம் ‘டாலாம் போத்தோல்’ வருந்தும் நாயகனையே காட்டியது. துக்கப்படுகிறவன் எதிலிருந்து திருந்துவது?

‘செம்மண் சாலை’யும் ‘ஜகாட்’டும் எடுத்த மலேசியத் தமிழ்க் கலைஞர்களிடம் என் விண்ணப்பம் ஒன்று உண்டு. தேயிலைத் தோட்டத்துத் தாய் ஒருத்தி, மகனின் சாமான்களை எடுக்கக் கோலாலம்பூர் போகிறாள். அவனோடு வாழ்ந்தவர் தம் காரில் அவளைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார். தாப்பா தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அவளுக்குத் தலைசுற்றுகிறது. அவர் ஓர் ‘அசாம் போய்’ (புளிப்புப் பழ வற்றல்) நீட்டுகிறார். லாத்தா இஸ்கண்டார் அருவியருகே நிறுத்தியபோது, “உங்க பையன் தேத்தண்ணியே தொடமாட்டான், காப்பிதான்” என்கிறார். கொழுந்து பறித்து அவனை வளர்த்தவளுக்கு அது புதுச் செய்தி. ரிங்லெட் வருவதற்குள் அவள் கேட்கும் கேள்விகள்தாம் படம். அதில் யாரும் திருந்த வேண்டியதில்லை.

அந்தப் படத்துக்குச் சான்றிதழ் கிடைக்குமா என்பது அதிகாரிகள் கையில் இருக்கிறது. அடுத்த சாவு வீட்டில் மூலை நாற்காலிக்காரரைக் கூடத்துக்குள் அழைத்து, “உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று துக்கம் விசாரிப்பது நம் கையில் இருக்கிறது.