புதன்கிழமை எழுத்து

தோழர்களே, எழுத நேரமில்லை என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். இராயப்பேட்டையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டேதான் 1907 ஜூனில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். விலை பெயரிலேயே இருந்தது. மறு ஆண்டு ‘தமிழன்’ ஆயிற்று. புதன்தோறும் இதழ் வர வேண்டும். அரசியலும் வைத்தியமும் வாசகர் கேள்விக்குப் பதிலும் எழுத வேண்டும். ‘இந்திரர் தேச சரித்திரம்’ அதில் தொடராக வந்ததுதான். 1914இல் இறக்கும்வரை எழுதினார். புத்தகம் போட்டால்தான் எழுத்தாளர் என்று நினைக்கிறோமே!

அன்பு பொன்னோவியம் அந்த இதழ்களைத் தேடிச் சேர்த்துக் காத்தார். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்தபோதுதான் நம் தலைமுறை படித்தது.

எங்களுக்கு இப்போது அந்தப் பைத்தியம்தான். சேரிகளில் பழைய துண்டறிக்கை, சிற்றிதழ் தேடி ஸ்கேன் செய்கிறோம். போன மாதம் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. பாதியைக் கரையான் தின்றிருந்தது.