வாயில்லா ஜீவனுக்கும் ஓய்வுக்காலம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் திருவரங்குளத்துக்காரன். சின்ன வயசில் போலியோ சொட்டு மருந்து குடித்தவன். என் சித்தப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார்.

அந்த மருந்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. குரங்கின் சிறுநீரகத் திசுவில் போலியோ வைரஸை வளர்த்துத்தான் தடுப்பு மருந்து தயாரித்தார்கள். அதற்காகவும் ஆராய்ச்சிக்காகவும் 1950களில் நம் நாட்டுக் குரங்குகள் லட்சக்கணக்கில் கடல் கடந்து போயின. 1978-ல்தான் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. போனவை போனவைதான்.

சரி, சோதனை முடிந்தும் உயிரோடு இருப்பவற்றை என்ன செய்வது? ஓய்வுபெற்ற சிம்பன்சிகளுக்குக் காப்பகம் அமைக்க அமெரிக்கா 2000-ல் சட்டம் இயற்றியது. லூசியானா மாநிலத்தில் உள்ள ‘சிம்ப் ஹேவன்’ 2005 முதல் அவற்றை ஏற்று வருகிறது. கூண்டிலேயே காலம் தள்ளியவை அங்கே கூட்டமாக வாழ்கின்றன, மரம் ஏறுகின்றன.

நம் நாட்டிலும் 2006-ல் திருத்திய விதிப்படி, சோதனைக்குப் பிறகு விலங்கைப் பராமரிக்கும் செலவும் ஆய்வுச் செலவிலேயே சேர வேண்டும். பொறியாளனான எனக்கு இது நியாயமாகப் படுகிறது. பாலம் கட்டினால் பராமரிப்பையும் சேர்த்துத்தானே கணக்குப் பார்க்கிறோம்!

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் ஆய்வுத் திட்டம் எழுதுவீர்கள். எஸ்டிமேட்டில் அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் சொன்னது: “வேலை வாங்கினா கூலி கொடுக்கணும்டா தம்பி.”