விருப்பாச்சியில் பத்து நிமிஷம்
(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சுற்றுலான்னா அந்தக் காலத்தில் எங்களுக்குக் கொடைக்கானல்தான். ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி போகும் வழியில், மலையடிவாரத்தில் விருப்பாச்சி வரும். மலைவாழைப்பழம் வாங்குவோம், பாட்டுப் பாடிக்கொண்டே கிளம்பிவிடுவோம். அந்த ஊர்ப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் யார் என்று நாங்கள் ஒருத்தரும் கேட்டதில்லை.

1772-இல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவர் அவர். 1780-இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். பின்னாளில் திண்டுக்கல் பாளையங்களை ஒன்றாக்கியவரும் கோபால் நாயக்கரே. சிவகங்கை மருது சகோதரர்கள், கேரளவர்மா, கன்னட நாட்டில் தூந்தாஜி வாக் என்று மொழி பார்க்காமல் கை கோத்தார். 1800 ஜூனில் கோவைக் கோட்டைத் தாக்குதல் தோற்றது. 1801 செப்டம்பர் 5-இல் கும்பெனியார் அவரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். மருது சகோதரர்களுக்கு அக்டோபர் 24.

இன்று விருப்பாச்சியில் அவருக்கு அரசு எழுப்பிய மணிமண்டபம் இருக்கிறது. போன தடவை இறங்கிப் பார்த்தேன். உள்ளே நான் ஒருத்தன்தான். வெளியே ரோட்டில் கொடைக்கானல் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வெட்கமாக இருந்தது, நானும் அப்படிப் போனவன்தானே!

தோற்றவர்தானே என்று நினைக்காதீர்கள். நாடிழந்து வந்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டதும், தனித்தனியாக நின்றவர்களை ஒன்று சேர்த்ததும் தோல்வியா?

தம்பி தங்கைகளே, அடுத்த சுற்றுலாவில் பழம் வாங்குங்கள். கூடவே பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தி அவரையும் பார்த்துவிட்டு மலையேறுங்கள்.