பட்டியலும் படியும்



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய அரசினர் பாடசாலையொன்றின் அதிபர் நான். கலைப் பட்டதாரியாகிய எனக்குக் கணினிக் கல்வி ஐம்பது வயதைக் கடந்தபின் வாய்த்தது. அதன் ஒரு மூலையை மட்டும் நான் செம்மையாகக் கற்றேன். கற்பித்தது ஓர் இழப்பு.

எங்கள் மாணாக்கர் துறைமுகத்தைப் பற்றி அசைவூட்டப் படம் ஒன்று செய்தனர். இரண்டே நிமிடப் படம். ஆயினும் வினாடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் அஃது 2,880 படங்களாயிற்று. இவையன்றி மூலச் சித்திரங்கள், பிளெண்டர் என்னும் மென்பொருளில் அமைத்த காட்சிக் கோப்புகள், ஒலிப்பதிவுகள் ஆகியனவும் சேர்ந்தன. கொட்டியாரக்குடாவில் ஆயுள் முழுவதும் வலைவீசிய முதியவர் ஒருவர், வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என ஒவ்வொரு காற்றின் குணத்தையும் எடுத்துரைத்த குரற்பதிவும் அவற்றுள் ஒன்று.

எல்லாவற்றையும் வெளி வன்தட்டொன்றிற் படியெடுத்து அலுமாரியிலே பூட்டியவன் நானே. சில மாதங்களில் கணினி பழுதுற்றது. வன்தட்டை எடுத்துப் பார்த்தோம். கோப்புகளின் பெயர்கள் ஒன்றும் குறையவில்லை. காட்சிக் கோப்பைத் திறந்தாலோ, சித்திரம் இருக்கவேண்டிய இடமெல்லாம் கண்ணைக் கூசும் ஊதாச் சிவப்பு! அந்தக் கோப்பு, சித்திரங்கள் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டுமே தன்னுள் வைத்திருந்தது. சித்திரங்களோ வேறோர் உறையில் இருந்தன. அதனை நான் படியெடுக்கவில்லை. நல்லகாலம், ஒரு மாணவியின் வீட்டுக் கணினியில் அவை கிடைத்தன. குரற்பதிவு கிடைக்கவில்லை. பெயர் இருந்தது; அளவு பூச்சியம். முதியவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

பெரிய இடங்களிலும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. 1998 இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில், 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளிற் பெரும்பகுதியை ஒரு தவறான கட்டளை அழித்துவிட்டது. காப்புப் படிகளை நாடியபோது அவை செவ்வனே பதிவாகியிருக்கவில்லை. மகப்பேற்றின்பின் வீட்டிலிருந்து பணியாற்றிய கலின் சூஸ்மன் என்ற அம்மையாரின் கணினியில் இருந்த படியே கைகொடுத்தது. படம் 1999 இல் வெளிவந்தது.

படி எடுத்தல் வேறு, எடுத்த படியைச் சோதித்தல் வேறு. இச்சோதனைக்கென எளிய மென்பொருள்கள் உள்ளன. அவை ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அளவையும் பட்டியலிட்டு, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த ஒரு குறியீட்டையும் அருகே எழுதும். 'எஸ்எச்ஏ-256' என்ற முறையிற் கோப்பு சிறிதாயினும் பெரிதாயினும் அக்குறியீடு 64 எழுத்துகளே. கோப்பில் ஒரு புள்ளி மாறினும் குறியீடு முழுதும் உருமாறிவிடும். மூலத்தின் பட்டியலையும் படியையும் ஒப்பிட்டால், விடுபட்டது எது, சிதைந்தது எது என்பது உடனே வெளிப்படும்.

1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய எங்கள் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏட்டோடு ஏட்டை வைத்துக் கண்வருந்த ஒப்புநோக்கிய வேலையின் தொலைவான உறவு இது. ஆனால் ஒரு பேதம் உண்டு. அவர்கள் எந்தப் பாடம் சரியென்று தீர்ப்புச் சொன்னார்கள். மென்பொருள் அதனைச் சொல்லாது. இரண்டும் ஒன்றா, வேறா என்பதோடு அதன் பணி முடிந்தது. பூச்சிய அளவான கோப்பை மூலமென்று கொடுத்தால், பூச்சியமான படியைச் சரியென்றே அறிவிக்கும். பட்டியலிற் சேராத உறையைத் தேடியும் போகாது. ஆகவே இடையிடையே கோப்புகளைத் திறந்து பார்க்கவே வேண்டும். பிளெண்டரில், விடுபட்ட புறக்கோப்புகளைச் சொல்லும் வசதி முன்னமே இருக்கிறது. அதை நான் அறிந்தது காலம் கடந்தபின்.

பட்டியலை அதே வன்தட்டில் மட்டும் வைப்பதும் பேதைமை. நாங்கள் அதனை அச்சிட்டுச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தோடு வைக்கிறோம். மூன்று படிகள்: ஒன்று பாடசாலையில், ஒன்று ஆசிரியர் வீட்டில், ஒன்று கடலுக்கு அப்பாலுள்ள மேட்டுநிலத்தில். 2004 டிசம்பர் 26 ஆம் நாளைக் கண்ட ஊருக்கு இந்த மூன்றாவது படியின் காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

தவணைதோறும் மாணாக்கரே சோதனை நடத்துகின்றனர். சென்ற தவணையில் ஒரே வரி பொருந்தவில்லை. இழுவைப்படகின் சித்திரம் அது, வன்தட்டிற் சிதைந்திருந்தது. ஆசிரியர் வீட்டுப் படியிலிருந்து எடுத்து அதனை மாற்றினோம். அந்த வரியின் மேலே, பூச்சியம் என்று குறித்தபடி, முதியவரின் குரற்பதிவின் பெயர் இன்னும் இருக்கிறது. அதை நீக்கலாமா என்று ஒரு சிறுவன் கேட்டான். இருக்கட்டும் என்றேன்.