அப்பா எதிர்த்த பதவியில் மகன்

இன்னைக்கு ஸ்காட்லாந்துக்குப் போறோம், 1600-களுக்கு.

அலெக்சாண்டர் லெய்ட்டன்னு ஒரு டாக்டர். சர்ச்சுக்கு பிஷப்புகளே கூடாதுன்னு புத்தகம் எழுதினார். 1630-ல் லண்டன் கோர்ட் கொடுத்த தண்டனை: சவுக்கடி, ஒரு காதை அறுத்தாங்க, மூக்கைக் கிழிச்சாங்க, முகத்தில் சூடு போட்டாங்க. அப்புறம் 1640 வரை ஜெயில். அவரோட மகன் ராபர்ட் அப்போ எடின்பரோவில் படிச்சிட்டிருந்தார். 1661-ல் அந்த ராபர்ட் லெய்ட்டன் பிஷப் ஆகிறார்!

துரோகம்னு தோணும். பலர் அப்படித்தான் திட்டினாங்க. ஆனா அவர் கணக்கு வேற. பிஷப் இருக்கணுமா, சபை மூப்பர்கள் கூடி முடிவெடுக்கணுமாங்கிறது அவருக்கு வெறும் ஃபிரேம்வொர்க் சண்டை. (இந்தச் சண்டையில ப்ராடக்ட்டையே மறந்த டீம்கள் நமக்குத் தெரியும்.) இருக்கிறதிலேயே சின்ன, வருமானம் குறைஞ்ச மறைமாவட்டமான டன்பிளேனைக் கேட்டு வாங்கினார். லண்டனில் பட்டம் வாங்கிட்டு மத்த பிஷப்புகளோடு திரும்பி வரும்போது, எடின்பரோவில் தடபுடல் வரவேற்புன்னு தெரிஞ்சதும் மார்பெத் ஊரிலேயே அவங்களை விட்டுப் பிரிஞ்சு சத்தமில்லாம வந்து சேர்ந்தார்.

சிக்கல் அடுத்த வருஷமே வந்தது. பிஷப்பை ஏத்துக்காத சுமார் 270 போதகர்கள் வேலை இழந்தாங்க. சர்ச்சுக்கு வராதவங்க மேல அபராதம், வீட்டில் சிப்பாய்கள். 1665-ல் லெய்ட்டன் ராஜா இரண்டாம் சார்லஸிடமே போய், கிறிஸ்தவ மதத்தையே இப்படித் திணிக்கிறதா இருந்தாலும் நான் உடன்பட மாட்டேன், இது வெறும் நிர்வாக முறைன்னு சொல்லி ராஜினாமா கேட்டார். ராஜா சமாதானம் சொன்னார். இவரும் திரும்பிட்டார்.

அங்கேயே விலகியிருக்கணும்ங்கிறது என் கருத்து. நல்லவர் ஒருத்தர் உள்ளே இருந்தா, அடிக்கிறவங்களுக்கு அது ஒரு மறைப்பு.

அவர் இன்னும் மேலே போனார், கிளாஸ்கோ ஆர்ச்பிஷப். அங்கே ஒரு சமரசத் திட்டம்: பிஷப் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், ஆனா வீட்டோ கிடையாது, மெஜாரிட்டி சொல்றதுதான் முடிவு. எதிர்த்தரப்பு இதைப் பொறின்னு நினைச்சது. சக பிஷப்புகள் சரணாகதின்னாங்க. 1674-ல் பதவியை விட்டுட்டு, இங்கிலாந்தில் சசெக்ஸில் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டார். அவரோடு பிஷப் ஆன ஜேம்ஸ் ஷார்ப்பை 1679-ல் கோச் வண்டியிலிருந்து இழுத்துப்போட்டுக் கொன்னாங்க.

சத்திரத்தில் சாகணும்னு லெய்ட்டன் அடிக்கடி சொல்வாராம். 1684-ல் லண்டன் பெல் இன்னில் அப்படியே நடந்தது. தன்னோட சுமார் 1,400 புத்தகங்களையும், அதுக்கொரு கட்டடம் கட்டப் பணமும் டன்பிளேனுக்கே எழுதி வெச்சிருந்தார். அந்த லைப்ரரி இன்னும் நிக்குது.