இங்கு யாவரும் நலம்



பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை என ஊவா மாகாணத்து மலைகளில் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தமிழகத்துக்குச் சென்ற கடிதங்கள் எண்ணிலடங்கா. திருச்சிராப்பள்ளிக்கும் சேலத்துக்கும் புதுக்கோட்டைக்கும் அவை போயின. 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, பின்னர் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தபோது, உறவைத் தாங்கிய பாலம் அக்கடிதங்களே. அவற்றின் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: இங்கு யாவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல். வீட்டில் ஒருவர் பாயோடு பாயாய்க் கிடந்தாலும் அந்த வரி மாறுவதில்லை.

அதனைப் பொய் என்று தள்ளிவிடுதல் எளிது, ஆனால் நியாயமன்று. எழுதத் தெரியாத தாய் அடுத்த காம்பிராவில் உள்ள ஒருவரிடம் சொல்லித்தான் கடிதம் எழுதுவிப்பாள். அவ்வாறு சொல்லப்படும் செய்தி பொழுது சாய்வதற்குள் லயம் முழுவதும் பரவிவிடும். அங்கே கடிதத்தைப் பிரித்துப் படிப்பவரும் வேறொருவராகவே இருப்பார். காசநோய் என்ற சொல் வெளிவந்தால் அந்த வீட்டில் பெண்ணெடுக்க அஞ்சுவர். தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் தயங்குவர். ஆகவே அச்சத்தின் மேல் ஒரு நல்ல வாக்கியத்தைப் போர்த்திவிடுவதே வழக்கமாயிற்று. கடிதம் போய்க் கைப்பேசி வந்துவிட்ட இந்நாளிலும், கொழும்பிலே கடையில் வேலை செய்யும் மகன் கேட்கும்போது, “எங்களுக்கென்ன, நல்லா இருக்கிறோம்” என்ற விடைதான் வருகிறது.

கல்வி அறிவு இன்மையால் விளைந்த அச்சம் இது என்று சிலர் எண்ணக்கூடும். கற்றவரையும், ஏன், மருத்துவரையுமே அது விட்டதில்லை. அதற்குச் சான்றாக நிற்பவர், ஒருகாலத்தில் இலங்கைத் தீவிலேயே சில நாட்கள் தங்கிச் சென்ற ஓர் எழுத்தாளர். அவர் ருஷ்ய நாட்டு அந்தோன் செகாவ்.

செகாவ் 1860இல் பிறந்தவர். 1884இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டின் இறுதியில் அவருக்கு இருமலில் இரத்தம் வந்தது. காசநோய்க் கிருமியை ரொபேர்ட் கொக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இளம் மருத்துவரான செகாவ் அதனை அறியாதவர் அல்லர். ஆயினும் தொண்டையில் ஏதோ சிறு நாளம் வெடித்திருக்கலாம் என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டார். 1888இல் நண்பர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்திலும், இரத்தம் வருவதை ஒப்புக்கொண்டு, அது காசநோய் அன்று என்றே வாதிட்டார். அவருடைய ‘யாவரும் நலம்’ அது.

1889ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவருடைய அண்ணன், ஓவியர் நிக்கொலாய், அதே நோயால் இறந்தார். வாரக்கணக்கில் படுக்கையருகே இருந்து அவரைக் கவனித்தவர் செகாவ். தம் உடலில் தொடங்கிய நோயின் முடிவை உடன்பிறந்தவரின் உடலில் அவர் கண்டார். சில நாள் ஓய்வுக்காக அவர் அயலூர் சென்றிருந்த வேளையிலே அண்ணனின் உயிர் பிரிந்தது.

மறு ஆண்டு அவர் நெடுந்தொலைவிலுள்ள சகாலின் தீவுக்குச் சென்று, அங்கிருந்த கைதிகளின் வாழ்வை ஆராய்ந்தார். திரும்பும் கப்பற் பயணத்தில், சிங்கப்பூரை அடையுமுன் இருவர் இறந்தனர். அவர்களது உடல்களைக் கடலில் இறக்கியதை அவர் நேரிற் கண்டார். 1890 நவம்பரில் கப்பல் கொழும்பை அடைந்தது. கண்டிக்கும் அவர் சென்றார். அன்று பதுளைக்குப் புகையிரதம் இல்லை. அது 1924இல்தான் வந்தது. எனவே ஊவாவின் மலைகளை அவர் காணவில்லை. ஆனால் இலங்கையில் இருந்தபோது அவர் தொடங்கிய கதை ஒன்று உண்டு. ‘கூசெவ்’ என்பது அதன் பெயர். கொழும்பு, நவம்பர் 12 என்ற குறிப்புடன் அவ்வாண்டு டிசம்பரில் அது வெளியாயிற்று.

கூசெவ் என்பவன் தூரக் கிழக்கிலிருந்து கப்பலில் வீடு திரும்பும் ஏழைப் போர்வீரன், காசநோயாளி. அவனருகே படுத்திருக்கும் பாவெல் இவானிச் என்பவரும் இருமுகிறார். ஆனால் தமது நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றும், தமக்குள்ளது வயிற்றிருமல் என்றும் அவர் சாதிக்கிறார். கூசெவுக்கு முன்னரே அவர் இறந்துவிடுகிறார். தம் கடிதங்களில் ஒப்புக்கொள்ளாத உண்மையைச் செகாவ் கதையில் மற்றொருவர் மேல் வைத்து எழுதிவிட்டார். எழுத்தின் ஆற்றல் அதுதான். நேரே நோக்க அஞ்சுவதை எட்ட நிறுத்திப் பார்க்க அது இடம் தருகிறது.

எனினும் வரலாறு அவ்விடத்தில் முடியவில்லை. கதையில் கண்ட உண்மையை வாழ்க்கையில் ஏற்க அவருக்கு மேலும் 6 ஆண்டுகள் சென்றன. பிற மருத்துவர்கள் தம் மார்பைச் சோதிக்க அவர் இடங்கொடுக்கவில்லை. 1897 மார்ச்சில் உணவுச்சாலை ஒன்றில் இரத்தம் பெருகிய பின்னரே மருத்துவமனையிற் சேர்ந்தார். அப்போதும் தாய் தந்தையர்க்குச் சொல்லவேண்டாம் என்று தங்கையைக் கேட்டுக்கொண்டார். 1904இல், 44ஆம் வயதில் காலமானார். அந்நாளில் அந்நோய்க்கு மருந்தே இல்லை. காசநோயைத் தாக்கும் ஸ்ரெப்ரோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகையால் செகாவ் அஞ்சியதற்கும் ஒளித்ததற்கும் காரணம் இருந்தது.

இன்று அக்காரணம் இல்லை. காசநோய் பரம்பரைச் சாபம் அன்று. காற்றின் வழியே பரவும் கிருமியால் வருவது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயக் காம்பிராவில் பலர் நெருங்கி உறங்கும்போது, மறைக்கப்பட்ட இருமல் வீட்டிலுள்ள குழந்தையைத்தான் முதலில் தேடிச் செல்லும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துப் பார்க்கவேண்டும். சாதாரணக் காசநோய் 6 மாதம் ஒழுங்காக மருந்துண்டால் பெரும்பாலும் குணமாகும். அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். பதுளை மாவட்டத்துக்கும் அத்தகைய நிலையம் உண்டு.

வீட்டிலொருவர் இருமும்போது நெஞ்சிலே அச்சம் எழுந்தால், பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையின் கொப்பியிலே ஒரு தாளில் அதனை எழுதி வைக்கலாம். இருமல் எந்நாள் தொடங்கியது, மாலையிற் காய்ச்சல் உண்டா, உடல் மெலிந்ததா, குடும்பத்தில் முன்னர் எவருக்கு இந்நோய் இருந்தது என்பனவற்றை எழுதலாம். பெயரற்றுப் பூதமாய் நின்ற அச்சம், எழுதியதும் நாலைந்து வரிகளாய் அடங்கிவிடும். ஆனால் அத்தாளைத் தகரப் பெட்டியில் பூட்டிவிடலாகாது. எழுத்து விளக்கே அன்றி மருந்து அன்று. அதனை மருத்துவரின் மேசைமேற் கொண்டுபோய் வைத்தாலே எழுதிய பயன் கிட்டும்.

அவ்வாறு செய்து 6 மாதம் சென்றபின், தொலைவிலுள்ள மகனுக்கு அந்தத் தாய் ‘இங்கு யாவரும் நலம்’ என்று சொல்லட்டும். அன்று அது வெறும் மரபு வாக்கியமாக இராது, உண்மையாக இருக்கும்.